பேரும் ஊரும்: புதர்ப் பாடகரின் வரலாறு

முன்பின் அறியாத ஒருவர் நம் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தால், அவரிடம் நாம் முதலில் கேட்பவை இரண்டே கேள்விகள்தாம். "தங்கள் பெயர் என்ன?" என்பது ஒன்று, "எந்த ஊர்?" என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் பாதி உறவு ஏற்பட்டுவிட்டது என்றே நம்மவர்கள் கருதுவார்கள். பிராணி சாஸ்திரிகளின் வழக்கமும் இதுவேதான். எந்த ஜந்துவைக் கண்டாலும் அவர்கள் முதலில் அதன் பெயரையும் குலத்தையும் விசாரிக்கிறார்கள். அடுத்தபடியாக அதன் ஊரை விசாரிக்கிறார்கள். முன்னதற்கு வகைப்பாடு என்றும் பின்னதற்குப் பரவல் என்றும் கௌரவமான பெயர்கள் உண்டு. ஆனால் அடிப்படையில் இரண்டும் திண்ணைக் கேள்விகளே.

மழைக் காலத்து இரவுகளில் கொல்லைப்புறத்துச் செடி கொடிகளின் நடுவிலிருந்து ஓயாமல் சுருதி கூட்டும் ஒரு பாடகரை நேயர்கள் அனைவரும் கேட்டிருப்பார்கள். விளக்கை எடுத்துக்கொண்டு அருகே போனால் பாட்டு நின்றுவிடும். திரும்பி வந்தால் மறுபடியும் தொடங்கிவிடும். பாடுவது யார் என்று குழந்தைகள் கேட்டால், "ஏதோ பூச்சி!" என்று சொல்லிவிட்டு நாம் நம் காரியத்தைப் பார்க்கப் போய்விடுகிறோம். இத்தனை தலைமுறையாக நம் வேலி ஓரத்தில் குடியிருப்பவரிடம் பேரும் ஊரும் கேட்காமல் இருப்பது மரியாதையல்ல. ஆகவே இவ்வாரம் அவரை விசாரிப்போம்.

யார் இவர்?

இரவில் பாடும் பூச்சிகள் பல. வீட்டு மூலையிலும் சுவர் இடுக்கிலும் இருந்துகொண்டு கிரீச்சிடுவது சுவர்க்கோழி. மரத்தில் ஒட்டிக்கொண்டு காதைத் துளைப்பது சிள்வண்டு. அது வேறொரு வர்க்கத்தைச் சேர்ந்தது. மரத்தின் சாற்றை உறிஞ்சிக் குடிப்பது. வயலில் பயிரைத் தின்றுவிட்டுத் தத்திப் பறப்பது வெட்டுக்கிளி. இவர்களுக்கு இடையே, வெட்டுக்கிளியின் உடலும் சுவர்க்கோழியின் சங்கீதமும் கொண்டு, பெரும்பாலும் இலையின் பச்சை நிறத்தில் இருப்பவரே நம் கதாநாயகர். இங்கிலீஷ்காரர்கள் இவரைப் 'புஷ் கிரிக்கெட்' என்கிறார்கள். அமெரிக்கர்கள் தங்கள் நாட்டு இனம் ஒன்றின் குரலையே பெயராக்கிக் 'காடிடிட்' என்று அழைக்கிறார்கள். நாம் இங்கே 'புதர்த் தத்துக்கிளி' என்று வைத்துக்கொள்வோம்.

வெட்டுக்கிளிக்கும் இவருக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினமல்ல. முதலில் தலையிலுள்ள உணர்கொம்புகளைப் பாருங்கள். வெட்டுக்கிளிக்கு அவை குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கும். புதர்த் தத்துக்கிளிக்கோ மயிரிழை போல மெலிந்து, பெரும்பாலும் உடலின் நீளத்தையும் கடந்து பின்னால் வளைந்து செல்லும். அடுத்தபடியாகக் காது. வெட்டுக்கிளிக்குக் காது வயிற்றின் பக்கவாட்டில் இருக்கிறது. புதர்த் தத்துக்கிளிக்கும் சுவர்க்கோழிக்கும் முன்னங்காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. தலையில் காது வைத்திருக்கும் நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். அந்தக் காலில் நம்முடைய செவியில் இருப்பதைப் போலவே சவ்வும், நெம்புகோல் போன்ற உறுப்பும், திரவம் நிறைந்த அறையும் அமைந்திருப்பதைக் கொலம்பியாவைச் சேர்ந்த கொர்கோனாத் தீவின் இனம் ஒன்றில் 1912-ஆம் ஆண்டுக்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 2012-இல் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள்.

இனி, சுவர்க்கோழியினின்றும் இவரைப் பிரிப்பது எப்படி? இரண்டு பேரும் முன்சிறகுகளை ஒன்றோடொன்று உரசியே பாடுகிறார்கள். ஒரு சிறகில் அரம் போன்ற பற்கள் வரிசையாக இருக்கின்றன. மற்றொன்றின் ஓரம் அதன்மேல் இழைகிறது. சுவர்க்கோழிக்குப் பெரும்பாலும் வலச்சிறகு மேலே கிடக்கும். புதர்த் தத்துக்கிளிக்கு இடச்சிறகு மேலே கிடக்கும். பாதத்தின் கணுக்களை எண்ணினால் சுவர்க்கோழிக்கு மூன்று, இவருக்கு நான்கு. பெண் பூச்சியின் பின்புறத்தில் முட்டையிடும் கருவி ஒன்று நீண்டிருக்கும். சுவர்க்கோழிக்கு அது ஊசி; புதர்த் தத்துக்கிளிக்கு அது பட்டையான வாள், சில இனங்களில் வளைந்த அரிவாள். அதைக் கொட்டும் கொடுக்கென்று எண்ணிப் பயப்படுகிறவர்கள் உண்டு. மண்ணிலோ இலையிலோ பட்டையிலோ முட்டையைச் செருகுவதைத் தவிர அதற்கு வேறு தொழில் இல்லை.

குலம் விசாரித்த கதை

சுவீடன் தேசத்துப் பண்டிதர் லின்னேயஸ் 1758-ஆம் ஆண்டில் உலகத்து ஜீவராசிகளுக்கெல்லாம் பெயர் சூட்டும் மகா யக்ஞத்தைச் செய்தபோது, வெட்டுக்கிளி, சுவர்க்கோழி, புதர்த் தத்துக்கிளி, கும்பிடுபூச்சி ஆகிய எல்லாரையும் 'கிரில்லஸ்' என்ற ஒரே பேரினத்தில் அடைத்துவிட்டார். ஒரே பந்தலில் சகல ஜாதியாரையும் உட்கார வைத்த அந்தச் சமபந்தி போஜனம் நீடிக்கவில்லை. பின்வந்தவர்கள் கும்பிடுபூச்சியை வெளியேற்றினார்கள். பிறகு குட்டைக்கொம்பர்களை ஒரு பக்கமும் நெடுங்கொம்பர்களை மறுபக்கமும் பிரித்தார்கள். நெடுங்கொம்பர்களிலிருந்து சுவர்க்கோழிகள் தனிக்குடித்தனம் போயின. மிஞ்சிய பெருங்கூட்டத்தின் முக்கியமான குடும்பமே 'டெட்டிகோனிடே' என்பது. இன்று அக்குடும்பத்தில் பெயரிடப்பட்ட இனங்கள் 8,000-க்கும் மேற்பட்டவை.

இந்தப் பாகப்பிரிவினையில் ஏற்பட்ட குழப்பங்கள் ஒரு சிவில் வழக்குக்குப் போதும். 'டெட்டிக்ஸ்' என்பது கிரேக்க மொழியில் சிள்வண்டைக் குறிக்கும் சொல். சிள்வண்டோடு எவ்விதச் சம்பந்தமும் இல்லாத நம்மவருக்கு அந்தப் பெயர் வாய்த்தது! அதற்கு முன்போ இக்குடும்பத்தை 'லோகஸ்டிடே' என்று அழைத்தார்கள். பெயரைக் கேட்டவர்கள் பயிரை அழிக்கும் லோகஸ்ட் இதுதான் என்று நினைத்துக்கொண்டார்கள். அதுவோ குட்டைக்கொம்பர் வீட்டுப் பிள்ளை.

இந்தச் சிக்கலை அவிழ்க்க அதிகமாகப் பாடுபட்டவர்களில் ஒருவர் பிரன்னர் ஃபான் வாட்டன்வில் என்பவர். 1823-இல் பிறந்த இவர் பௌதிகம் படித்தவர். ஆஸ்திரியாவின் தந்தி இலாகாவில் உயர்ந்த பதவி வகித்தவர். தேசமெங்கும் தந்திக் கம்பி இழுப்பது பகல் வேலை. பூச்சிகளின் சிறகு நரம்புகளை ஆராய்வது சொந்த வேலை. இலை போன்ற சிறகுள்ள ஒரு கிளையைப் பற்றி 1878-இலும், மற்றொரு கிளையைப் பற்றி 1895-இலும் அவர் வெளியிட்ட பெருநூல்கள் இக்குடும்பத்தின் ஆராய்ச்சிக்கு அஸ்திவாரங்கள். அவர் சேர்த்த பூச்சிகள் வியன்னா நகரத்துப் பொருட்காட்சிசாலையில் இருக்கின்றன. உத்தியோகம் பார்த்துக்கொண்டே சாஸ்திரம் வளர்க்க முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு இவருடைய வாழ்க்கையே பதில்.

ஊர் விசாரித்த கதை

இனி ஊருக்கு வருவோம். அண்டார்டிகா நீங்கலாக எல்லாக் கண்டங்களிலும் புதர்த் தத்துக்கிளி உண்டு. ஆயினும் வெப்பமும் மழையும் மிகுந்த நாடுகளிலேயே அதன் குலம் அதிகமாகப் பெருகியிருக்கிறது. பிரிட்டிஷ் தீவு முழுவதிலும் சுதேச இனங்கள் பத்துக்கு அருகில்தான். அமேஸான் காட்டின் ஒரு மூலையிலேயே அதைவிடப் பன்மடங்கு காணலாம்.

குடும்பத்தின் கிளைகளில் சில எங்கும் பரவியவை; சில ஒரு மூலையை விட்டு நகராதவை. 'ஃபனரோப்டெரினே' என்பது எல்லாவற்றிலும் பெரிய கிளை. மெல்லிய பச்சைச் சிறகுகளோடு இலையோடு இலையாக இருக்கும் இவை ஏறக்குறைய உலகமெங்கும் இருக்கின்றன. கூம்புத் தலையுடைய 'கோனோசெபாலினே' புல்வெளிகளைப் பிடித்துக்கொண்டு அதே போல எங்கும் பரவியிருக்கிறது. 'சூடோபில்லினே' என்றால் 'பொய்யிலை' என்று பொருள். இது முக்கியமாக உஷ்ண தேசத்துக் காடுகளுக்கு உரியது. நரம்பும் காம்பும் சொத்தைப் புள்ளியும் உட்பட இலையைப் பிரதி எடுத்தவை இதில் உண்டு. மரப்பட்டையோடு பட்டையாகப் படுத்துக்கொள்பவையும் உண்டு. 'டெட்டிகோனினே' என்னும் கிளையோ குளிரும் வெயிலும் மாறி மாறி வரும் வடபூமியில் செழித்தது. ஐரோப்பாவின் பெரிய பச்சைத் தத்துக்கிளியும், சுவீடன் குடியானவர்கள் உடம்பிலுள்ள மருவைக் கடித்து எடுக்க விட்டதாக லின்னேயஸ் காலத்திலேயே பெயர் பெற்ற 'மருக்கடிப்பா'னும் இந்தக் கிளையே.

ஒரு கண்டத்தை விட்டு அகலாத கிளைகளைப் பார்ப்பது இன்னும் சுவாரஸ்யம். ஆப்பிரிக்காவில் 'ஹெட்ரோடினே' என்று ஒரு கிளை. இவை உடம்பெல்லாம் முள் தைத்த கவசம் பூண்டு, பறக்க முடியாமல் தரையில் ஊர்பவை. எதிரி பிடித்தால் தம் குருதியையே பீச்சி அடித்து விலக்குபவையும் அவற்றில் உண்டு. ஆஸ்திரேலியாவிலோ 'ஸாப்ரோகிலினே' என்று ஒரு சாது வம்சம். அதன் ஆகாரம் பூவின் தேனும் மகரந்தமும். ஐரோப்பாவின் தென்பகுதியிலிருந்து மத்திய ஆசியா வரையில் 'ஸாகா பெடோ' என்ற வேட்டைக்காரி திரிகிறாள். மற்றப் பூச்சிகளைப் பிடித்துத் தின்பது இவள் தொழில். 'வேட்டைக்காரி' என்று நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு: இந்த இனத்தில் ஆணே இல்லை என்று சொல்லலாம். பெண்கள் ஆண் துணையின்றியே முட்டையிட்டு, அவற்றிலிருந்து மறுபடியும் பெண்களே பிறக்கிறார்கள்.

சிறகும் எல்லையும்

ஒருவர் உலகமெங்கும் போக, மற்றொருவர் ஒரே மலையில் அடைந்து கிடப்பது ஏன்? இதற்கு முக்கியமான விடை சிறகில் இருக்கிறது. இக்குடும்பத்தில் பல இனங்களுக்குச் சிறகு குறுகிப் போய்விட்டது. பாடுவதற்கு மட்டும் போதுமான துண்டு மிஞ்சியிருக்கும், பறக்க உதவாது. கால்நடையாகப் போகிறவன் எவ்வளவு தூரம் போவான்? ஒரு பள்ளத்தாக்கு குறுக்கிட்டால் அதுவே அவனுக்குச் சமுத்திரம். பால்கன் நாடுகளிலும் துருக்கியிலும் மலைக்கு மலை வெவ்வேறாக இருக்கும் 'பொய்சிலிமோன்' என்ற பேரினத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டாகியிருப்பதற்கு இதுவே காரணம். உறவினர் ஒருவரையொருவர் சந்திக்காமல் பல்லாயிரம் தலைமுறை கழிந்தால், பாட்டும் மாறிப்போகிறது. குலமும் பிரிந்து போகிறது.

ஹவாய்த் தீவுகளில் இதைவிட ஆச்சரியம். நாற்புறமும் ஆயிரக்கணக்கான மைல் கடல் சூழ்ந்த அத்தீவுகளில் 'பான்ஸா' என்ற பேரினத்தின் இனங்கள் தீவுக்குத் தீவு வசிக்கின்றன. உலகில் வேறெங்கும் அவை இல்லை. நிஹோவா என்ற சின்னஞ்சிறு பாறைத் தீவுக்குக்கூடச் சொந்தமாக ஓர் இனம் உண்டு. எப்போதோ தற்செயலாக வந்து சேர்ந்த மூதாதையரின் சந்ததிகள் அத்தனை பேரும்.

எல்லை என்பது சாசுவதமானதும் அல்ல. இங்கிலாந்தில் 'ரோசெல்' என்பவரின் பெயரைத் தாங்கிய தத்துக்கிளி ஒரு காலத்தில் தென்கிழக்குக் கடற்கரையின் கழிமுகங்களை ஒட்டியே பெரும்பாலும் வசித்தது. வழக்கமாக அதற்குக் குட்டைச் சிறகு. ஆனால் கோடை உஷ்ணம் மிகுந்து கூட்டமும் பெருகும் ஆண்டுகளில் நீண்ட சிறகுள்ள பிள்ளைகள் சில பிறக்கின்றன. ஊர் தாண்டிப் போய்ப் புதுக் குடியேற்றம் செய்பவை அவைதாம். சென்ற நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலிருந்து அது வடக்கும் மேற்கும் வெகுதூரம் பரவிவிட்டது. பூமியின் வெப்பம் ஏறி வருவதை வெப்பமானியைப் பார்க்காமலே இந்தப் பூச்சியின் வரைபடத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

பெயர் தவறினால்

பேரில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு அமெரிக்க உதாரணம் ஒன்று. மேற்கு அமெரிக்காவில் 'மார்மன் கிரிக்கெட்' என்று ஒரு பூச்சி உண்டு. பெயர்தான் கிரிக்கெட்டே தவிர, அது சிறகற்றது போன்ற புதர்த் தத்துக்கிளியே. 1847-இல் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் குடியேறிய மார்மன் மதத்தாரின் பயிரை மறு ஆண்டே இது படைபடையாக வந்து தின்னத் தொடங்கியது. கடற்காகங்கள் திரளாக வந்து பூச்சிகளை விழுங்கி ஜனங்களைக் காப்பாற்றின என்பது அவர்கள் போற்றும் வரலாறு. அப்பறவைகளுக்கு 1913-இல் ஞாபகத்தூணே எழுப்பினார்கள்.

பறக்க முடியாத இந்தப் பூச்சிகள் கோடிக்கணக்கில் ஏன் அணிவகுத்து நடக்கின்றன? 2006-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதற்கு விடை சொல்லிற்று. புரதமும் உப்பும் கிடைக்காத பசியே அவற்றை நடத்துகிறது. இரண்டும் மிகுதியாக அடங்கிய பண்டம் பக்கத்திலேயே இருக்கிறது. அது முன்னால் நடக்கும் தோழனின் உடம்பு! நின்றால் பின்னால் வருபவன் கடிப்பான். ஆகவே எல்லாரும் நடக்கிறார்கள். படையெடுப்பு என்று நாம் நினைத்தது உண்மையில் ஓட்டமே.

நம் காட்டுச் சங்கதி

நம் தேசத்துக்கு வருவோம். தென்னிந்தியாவில் 'மெக்கோபோடா' என்ற பேரினத்தின் தத்துக்கிளிகள் உண்டு. கையில் பிடித்து எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் அவற்றைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கேட்கத் தொடங்கினார்கள். உருவத்தில் ஒன்றான அவை ஐந்து வெவ்வேறு விதமாகப் பாடுகின்றன என்பதை 2006-இல் வெளியிட்டார்கள். ஒன்று ரயில் வண்டி போல. மற்றொன்று ஹெலிகாப்டர் போல. இன்னும் வேறு வேறு தாளங்கள். பெண் பூச்சி தன் குலத்துப் பாட்டைக் கேட்டே வரன் தேடுகிறது. ஆகையால் பாட்டு வேறானால் குலமும் வேறாயிருக்கலாம். செத்த பூச்சியை ஊசியில் குத்திப் பெட்டியில் வைத்திருந்தவரை யாருக்கும் இது தெரியவில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையில் குதிரேமுகக் காட்டில் 'ஓனோமார்க்கஸ்' என்ற இனம் பலா மரத்தின் உச்சியில் வசிக்கிறது. அதன் நாதம் வினாடிக்குச் சுமார் 3,200 அதிர்வுகளே உள்ள மந்த ஸ்தாயி. தென்னமெரிக்கக் காட்டில் 2014-இல் பெயர் பெற்ற 'சூப்பர்சோனஸ்' இனம் ஒன்றோ 1,50,000 அதிர்வு வரை போகிறது. மனிதச் செவியின் எல்லை 20,000. அது நம் காதருகே கச்சேரி நடத்தினாலும் நமக்கு நிசப்தமே.

பாடுவது ஆபத்தான தொழில் என்றும் ஒரு கொள்கை உண்டு. இலைப்பூச்சியைத் தின்னும் வௌவால்கள் பாட்டைக் கேட்டு வந்து பிடிக்கும் என்பார்கள். மத்திய, தென்னமெரிக்கக் காடுகளில் சில இனங்கள் இதற்கு அஞ்சியே பாட்டைக் குறைத்துக்கொண்டு, கிளையை உதறித் தூது விடுகின்றன. ஆனால் நம் மலைக்காட்டில் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. ஒருவகை வௌவாலுக்கு இரையாகிறவர்களில் பாடும் ஆண்களைவிடப் பாடாத பெண்களே அதிகம் என்று 2015-இல் கண்டார்கள். பாடுகிறவன் உட்கார்ந்த இடத்திலே இருக்கிறான். தேடிப் போகிறவளே வெளியிடங்களில் பறந்து அகப்பட்டுக்கொள்கிறாள். ஒரு நாட்டில் கண்ட உண்மையை மறு நாட்டுக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பெயர் பெறும் முன்பே

கடைசியாக ஒரு செய்தி சொல்லி முடிப்போம். கலிபோர்னியாவில் ஆன்டியாக் என்ற ஊரை ஒட்டி ஆற்றங்கரை மணல் மேடுகள் உண்டு. செங்கல் செய்வதற்காக அந்த மணலை வண்டி வண்டியாக வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். அம்மேட்டில் சிறகு குறுகிய புதர்த் தத்துக்கிளி ஒன்று வாழ்ந்தது. 1937-இல் ஒருவர் அதில் ஒன்றைப் பிடித்துச் சேகரத்தில் வைத்தார். பல ஆண்டுகளுக்குப் பின், பெட்டியிலிருந்த அந்தப் பூச்சியை ஆராய்ந்த நிபுணர், இது இதுவரை யாரும் பெயரிடாத புது இனம் என்று கண்டுகொண்டார். மணல் மேட்டுக்குப் போய்த் தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. 1977-இல் அதற்குப் பெயரிட்டபோது 'நெடூபா எக்ஸ்டிங்டா' என்று வைத்தார்கள். 'எக்ஸ்டிங்டா' என்றால் 'அற்றுப்போனது' என்று பொருள். நாமகரணமும் உத்தரகிரியையும் ஒரே நாளில் நடந்த விந்தை! அந்த மணல் மேடுகளின் ஒரு பகுதியைப் பிராணிகளின் சரணாலயமாக்கியது 1980-இல். சரணாலயம் வந்தது, சரண் புக வேண்டியவர் வரவில்லை.

பறக்க மாட்டாத பூச்சிக்கு ஒரு மேடு என்பது ஒரு தேசம். மேட்டைக் கரைத்தால் தேசம் போயிற்று. மலைச்சரிவில் ஒரு துண்டுக் காட்டை வெட்டும்போதும், ஏரிக்கரைப் புதரைக் கொளுத்தும்போதும், எந்தக் குலத்தின் கடைசிக் குடியிருப்பைக் கொளுத்துகிறோம் என்பதை அறிய ஒரே வழி, முன்கூட்டியே பேரும் ஊரும் விசாரித்து எழுதி வைப்பதுதான். வகைப்பாடு என்பது பண்டிதர்களின் வீண் பொழுதுபோக்கு அல்ல. அது ஜீவராசிகளின் ஜனன மரணக் கணக்கு. அந்தக் கணக்கில் நம் நாட்டுப் பக்கங்களில் இன்னும் நிரப்பாத வரிகள் அநேகம்.

இதற்குப் பெரிய கருவிகள் வேண்டுமென்பதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கண்ணும் காதும் உண்டு. ஒரு குறிப்புப் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் போதும். எந்த மாதத்தில், எந்தச் செடியில், எத்தகைய பாட்டு என்று அவர்கள் எழுதி வரட்டும். அடுத்த மழைக் காலத்தில் புதரிலிருந்து பாட்டு எழும்போது, "ஏதோ பூச்சி!" என்று மட்டும் நேயர்கள் பதில் சொல்லாதிருப்பார்களாக. குறைந்தபட்சம், "கொம்பு நீளமா குட்டையா, போய்ப் பார்த்துவிட்டு வா" என்று குழந்தையை அனுப்பலாம் அல்லவா?